பழைய காரில் பிரேக் பைப் ஜாயின்ட் கசிந்தால்: நட்டை இறுக்கும் முன்

பின் சக்கரத்தின் உள்பக்கம், பைப் வந்து வீல் சிலிண்டரில் சேரும் இடத்தில் ஈரம். ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்று இறுக்கினால் நின்றுவிடும். ஒரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி ஈரம், மறுபடி அரைச் சுற்று. மூன்றாவது தடவை நட்டின் முனைகள் மழுங்கும், இல்லாவிட்டால் பைப்பின் வாய் பிளக்கும். ஆயிலை அடைத்து நிறுத்துவது நட்டின் மரை அல்ல என்பதுதான் இதற்குக் காரணம். பைப்பின் முனையை விரித்து ஒரு வாய் செய்திருப்பார்கள். அது உள்ளே இருக்கும் கூம்பு வடிவ இருக்கையில் அழுந்தி உட்காருவதால்தான் ஆயில் நிற்கிறது. நட்டு அந்த வாயைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். வாயோ இருக்கையோ கெட்டிருந்தால் இறுக்குவது கெட்டதை இன்னும் கெடுக்கும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. 1961 முதல் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அறுபதுகளின் அம்பாசடர், ஃபியட் 1100 போன்ற வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறு பாதி பிடிக்கும். இவற்றில் ஒரு ஜாயின்ட் விட்டுப்போனால் பெடல் தரை வரை இறங்கும், கையில் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். ஓங்கி மிதிக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ. அளவுக்குப் போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பதைத் தாண்டாது. ஈரம் கண்ட நாளிலிருந்து வேலை முடியும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால் டோயிங் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

கசிவது எது, எங்கே

முதலில் அது பிரேக் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, சொட்டும் திரவத்தை அதில் ஒரு துளி விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும். ஹெரால்டு போல கிளட்சும் ஹைட்ராலிக்காக இருக்கும் வண்டியில் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதிலும் அதே ஆயில்தான். அதனால் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பக்கம் ஈரம் தெரிந்தால் இரண்டில் எது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆயில் எப்போதும் மேலிருந்து கீழே, பைப்பின் வழியாகவே ஓடி வந்து, தாழ்வான இடத்தில் சொட்டும். சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. எல்லா ஜாயின்ட்டையும் பிரேக் கிளீனர் ஸ்பிரேயோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மேலே சாக்பீஸ் பொடியைத் தூவி, ஒருவரை உட்காரவைத்து பெடலை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பொடி முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். மாஸ்டர் சிலிண்டர் வாயில், மூன்று வழி யூனியன் (பைப்புகளை இணைக்கும் துண்டு), முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் இரண்டு முனைகள், பின் பக்கம் பைப் பிரியும் இடம், ஒவ்வொரு வீல் சிலிண்டரின் பின்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்டாப் லைட் ஸ்விட்ச் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் வகை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்விட்சின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து, ஒயர் முனை வழியாக ஆயில் வருவது பழைய வண்டிகளில் சகஜம். அதற்குப் புது ஸ்விட்ச்தான் வழி.

டிரம்முக்குள்ளிருந்து, பேக் பிளேட்டின் (டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு) அடி விளிம்பு வழியாக ஆயில் வந்தால் அது வீல் சிலிண்டர் வாஷர், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சீல், போன கேஸ். டிரம்மைக் கழற்றி சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், உள்ளே நனைந்திருக்கும்.

வாங்க வேண்டியவை

பெரும்பாலான பழைய கார்களில் பைப் 3/16 அங்குலம், அதாவது 4.75 மி.மீ. வெளிவிட்டம். அசல் பைப் இரட்டைச் சுவர் கொண்ட எஃகு, கடைக்காரர்கள் பண்டி பைப் என்பார்கள். சென்னையில் கடலோரமான திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று இதைத் தின்றுவிடும். அதிலும் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்பின் அடியில் ஈரம் தேங்கி, வெளியே தெரியாமல் துரு பிடிக்கும். செம்பில் சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த குப்ரோ நிக்கல் பைப் கிடைத்தால் இந்த ஊருக்கு அதுவே நல்லது. துருப்பிடிக்காது, வளைக்கச் சுலபம், வாய் விரிக்கும்போது பிளப்பதும் குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம். கை ஃப்ளேரிங் டூலில் (பைப்பின் வாயை விரிக்கும் கருவி) அதன் வாய் ஒழுங்காக வராது, கடினமான வாய் இருக்கையோடு ஒட்டி உட்காரவும் செய்யாது.

ஃப்ரிட்ஜ், ஏ.சி. வேலைக்கு விற்கும் செம்பு பைப்பை பிரேக்குக்குப் போடவே கூடாது. அது அந்த அழுத்தத்துக்கு என்று செய்தது அல்ல. வண்டி அதிர அதிர செம்பு இறுகி, நட்டின் விளிம்பில் கீறல் விட்டுத் திடீரென்று முறியும். அதே கடைகளில் கிடைக்கும் ஃப்ளேரிங் டூலும் ஒற்றை மடிப்பு வாய்தான் செய்யும். பிரேக்குக்கு இரட்டை மடிப்பு செய்யும், 45 டிகிரி அடாப்டரோடு வரும் டூல் வேண்டும்.

பைப், நட்டு, ஹோஸ், செம்பு வாஷர் எல்லாம் ஜி.பி. ரோட்டில் தேடலாம். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் பிராக்கெட், கிளிப், உருவம் கெடாத பித்தளை யூனியன் வாங்கலாம். பழைய பைப்பும் பழைய ஹோஸும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். லேத் பட்டறையில் நட்டு கடைந்து வாங்குவதாக இருந்தால் அசல் நட்டை மாதிரிக்குக் கொடுங்கள். நுனியின் வடிவம், மரையில்லாத பகுதியின் நீளம், உள் துளை மூன்றும் அப்படியே வர வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் நட்டு வாயின் தோளை முழுதாகப் பிடிக்காது.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, அரை லிட்டர் பாட்டில் இரண்டு, சீல் உடையாததாக. புது ஆயிலின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் இவை 140, 155 என்று இறங்கும் என்பதுதான் தரநிர்ணயக் கணக்கு. சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் இருப்பதால் போன வருடம் திறந்து வைத்த பாட்டிலை இதற்கு எடுக்காதீர்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

மரையும் இருக்கையும்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. ஆங்கிலேய வம்சத்து வண்டிகளில் பைப் நட்டு பெரும்பாலும் 3/8 அங்குல யு.என்.எஃப்., அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் வண்டிகளில் அடிக்கடி காண்பது எம்10, அதாவது விட்டம் 10 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 3/8 நட்டின் விட்டம் 9.5 மி.மீ. சொச்சம், மரை இடைவெளி 1.06 மி.மீ. அதை எம்10 துளையில் போட்டால் தளர்வாக இரண்டு மூன்று சுற்று போய் இறுகும். இறுகிவிட்டது என்று நினைப்போம். மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். அழுத்தம் ஏறும்போது மரையைச் சீவிக்கொண்டு வெளியே வரும். ஐம்பது வருடத்தில் பல கை மாறிய வண்டியில், ஒரு சக்கரத்தில் வேறு வண்டியின் சிலிண்டர் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் மரை கேஜ் வைத்துத் தனித்தனியே பாருங்கள். சரியான நட்டு என்றால் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை போகும்.

அடுத்தது இருக்கை. நட்டைக் கழற்றிய துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கூம்பு மேடாக எழுந்து நின்றால், பைப்பின் வாய் உள்ளே குழிந்த இரட்டை மடிப்பு வாயாக இருக்க வேண்டும். துளையின் அடி குழிந்த கூம்பாக இருந்தால், வாய் காளான் போல வெளியே புடைத்திருக்க வேண்டும். ஒரே வண்டியில், ஏன் ஒரே பைப்பின் இரண்டு முனைகளிலேயே, இரண்டு வகையும் இருப்பது உண்டு. மாற்றிப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். அன்றைக்குக் கசியாது, பிறகு கசியும். பழைய பைப்பை எறியாமல் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே புதியதைச் செய்யுங்கள்.

இருக்கையில் குறுக்கே கீறலோ துருக் குழியோ இருந்தால் புது பைப்பும் கசியும். பித்தளை யூனியன் என்றால் மாற்றிவிடுங்கள். உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்தால் கூம்பின் கோணமே போய்விடும்.

டெஃப்ளான் டேப், எம்-சீல், ஷெல்லாக் எதுவும் இந்த ஜாயின்ட்டின் பக்கத்தில் வரக் கூடாது. மரை அடைக்கும் வேலையைச் செய்யவில்லை என்று மேலே பார்த்தோம். அங்கே சுற்றும் டேப் கசிவை நிறுத்தாது. துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயிலோடு போய் மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துளையை அடைக்கும். பைப்பின் நடுவே வெட்டி ஃபெரூல் (நசுங்கிப் பிடிக்கும் வளையம்) வைத்த கம்ப்ரஷன் ஜாயின்ட்டில் இணைப்பதும் கூடாது. வெட்டித்தான் இணைக்க வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் ஃப்ளேர் செய்து, நட்டோடு முறையான யூனியன் போடுங்கள்.

கழற்றுவது

அடுக்குமாடிப் பார்க்கிங்கில் செய்தாலும் சரி, வீட்டு வாசலில் செய்தாலும் சரி, ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். நல்ல ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடையும். வெயிலில் தார்த் தரை இளகும், ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஒரு குச்சியை பெடலுக்கும் சீட்டுக்கும் இடையே முட்டுக்கொடுத்து, பெடல் ஒன்றரை அங்குலம் இறங்கிய நிலையில் நிறுத்துங்கள். இதனால் பிரேக் ஆயில் டாங்க்கிலிருந்து வரும் வழி மூடிக்கொள்ளும், பைப்பைக் கழற்றியதும் ஆயில் முழுக்கக் கொட்டாது.

நட்டைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். சாதாரண வாய் ஸ்பேனர் இரண்டு முனையில் மட்டும் பிடித்து நட்டை உருட்டிவிடும். ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். கிடைக்காவிட்டால் அதே அளவு பழைய ரிங் ஸ்பேனரில் பைப் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளுங்கள், சுவர் கனமான ஸ்பேனராக இருந்தால் நன்றாகவே உழைக்கும். ஆங்கில நட்டுக்கு 7/16 ஸ்பேனரே போடுங்கள். 12 மி.மீ. போட்டால் வழுக்கும். யூனியனையோ ஹோஸையோ இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். துருவின் பிடி அப்போதுதான் விடும். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கினால் போராட வேண்டாம். எப்படியும் அந்தப் பைப் போகப்போவதுதான். நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறு முனை சாக்கெட் போட்டு எடுங்கள். நெருப்பு காட்டாதீர்கள், பிரேக் ஆயில் எரியும்.

முன் ஹோஸ் என்றால் ஒழுங்கு முக்கியம். முதலில் ஹோஸை அசையாமல் பிடித்து பைப் நட்டு, பிறகு பிராக்கெட் லாக் நட்டு, கடைசியாகத்தான் ஹோஸைச் சிலிண்டரிலிருந்து திருக வேண்டும். மாட்டும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. ஹோஸ் செம்பு வாஷர் மேல் உட்காரும் வகை என்றால் வாஷர் ஒவ்வொரு முறையும் புதியது.

பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்தால் பெயின்ட்டோடு வரும்.

வாய் விரிப்பது

பழைய பைப்பின் மேலே கட்டுக்கம்பியை வளைத்து ஒட்டவைத்து, பிறகு கம்பியை நிமிர்த்தி அளந்தால் நீளம் கிடைக்கும். 10 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். ஹேக்சா வேண்டாம், தூள் உள்ளே போகும். பைப் கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அவசரப்பட்டால் பைப்பின் வாய் உள்ளே ஒடுங்கும். வெட்டிய முகத்தை மெல்லிய அரத்தால் நேராக்கி, உள் விளிம்பின் பிசிறைச் சுரண்டி, பைப்பைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிவிடுங்கள்.

இப்போது நட்டை நுழையுங்கள், சரியான பக்கம் பார்த்து. இரண்டாவது முனையை விரிக்கும் முன் இரண்டாவது நட்டும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அனுபவசாலிகளும் மறப்பது இந்த ஒன்றைத்தான்.

பைப்பை டூலின் பாரில் (பைப்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) மாட்டி, அடாப்டரின் அடித் தோள் எவ்வளவு உயரமோ அவ்வளவு வெளியே நீட்டிவையுங்கள். குறைந்தால் மடிப்பு சின்னதாகும், கூடினால் வாய் ஒரு பக்கம் சாயும். பாரின் நட்டுகளை நன்றாக இறுக்குங்கள், பைப் வழுக்கினால் அத்தனையும் வீண். அடாப்டரில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி, தோள் பாரைத் தொடும் வரை திருகுங்கள். எடுத்துப் பார்த்தால் பைப் முனை காளான் போலப் புடைத்திருக்கும். புடைத்த வாய்தான் வேண்டும் என்றால் இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இரட்டை மடிப்புக்கு அடாப்டரை எடுத்துவிட்டு, கூம்பை நேராக வைத்து இறக்கினால் புடைப்பு உள்ளே மடிந்து உட்காரும். இதில் அளவுக்கு மேல் பலம் போட்டால் உலோகம் மெலிந்துவிடும்.

வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டம் பைப்புக்கு நடுவில் இருக்க வேண்டும். ஒரு மயிர்க்கீறல் தெரிந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். முதல் நாலைந்து வாயைத் துண்டு பைப்பில் பழகிக்கொண்டால் நல்ல பைப் வீணாகாது.

முதல் வளைவு வாயிலிருந்து 40 மி.மீ. தள்ளித் தொடங்கட்டும், நட்டு பின்னால் நகர இடம் வேண்டும். கையில் பெண்டர் இல்லாவிட்டால் 30 மி.மீ. சாக்கெட்டைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தி வளைக்கலாம். கடைசியில் உள்ளே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் காற்றடித்துக் காயவையுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். சிறு அளவு தங்கினாலும் சிலிண்டர் ரப்பர்கள் ஊதிப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டி இறுக்குவது

இரண்டு முனையையும் விரலால் கடைசி வரை திருகிய பிறகே ஸ்பேனர். பைப்பை இழுத்துக்கொண்டுவந்து மாட்ட வேண்டியிருந்தால் வளைவு தவறு, வளைவைத் திருத்துங்கள். இழுவிசையோடு இருக்கும் ஜாயின்ட் அதிர்வில் கசியத் தொடங்கும். மெல்ல இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் புது வாய் இருக்கையில் படிந்து உட்காரும். கடைசி இறுக்கம் 3/16 பைப்புக்கு 12 முதல் 15 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் எட்டாத இடத்தில் குட்டி ஸ்பேனரை மணிக்கட்டால் மட்டும் இழுங்கள், தோள் பலம் வேண்டாம்.

பைப் சேஸிஸைத் தொடும் இடமெல்லாம் கிளிப் வேண்டும், உள்ளே ரப்பர் வைத்து. சைலன்சரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசவில்லை என்று பாருங்கள்.

ஏர் எடுப்பது

முதலில் டிரம் பிரேக்கின் ஷூவை டைட் செய்யுங்கள். ஷூ தளர்ந்திருந்தால் எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் இறங்கிக்கொண்டே இருக்கும், பழி காற்றின் மேல் போகும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் தூரம் அதிகமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பொதுவாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பின்னால் ஒரே ஒரு நிப்பிள் (ஏர் வெளியேறத் திறக்கும் திருகு) மட்டும் இருக்கும் வண்டிகளும் உண்டு. நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். பெடல் இறங்கும்போது நிப்பிள் திறந்திருக்க வேண்டும், மேலே வரும் முன் மூடியிருக்க வேண்டும். மிதிப்பவர் நிதானமாக மிதிக்கட்டும். பட்பட்டென்று மிதித்தால் காற்று நுரையாகிவிடும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, தரை வரை போகாமல் தடுங்கள். பல வருடமாக மாஸ்டர் சிலிண்டர் வாஷர் ஒரே தூரத்துக்குள்தான் ஓடியிருக்கும். அதற்கு அப்பால் உள் சுவரில் துருவும் கசடும் இருக்கும். பெடலை முழுக்க இறக்கினால் வாஷர் அதில் உரசிக் கிழியும். பைப் மாற்றிய மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போனது என்று பலர் வருவதற்கு இதுதான் காரணம்.

டாங்க்கில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டியூபில் குமிழி நின்று, பழுப்பு ஆயில் போய்ப் புது ஆயில் தெளிவாக வரும் வரை எடுங்கள். வந்த ஆயிலை மறுபடி ஊற்றக் கூடாது, சாக்கடையிலும் விடக் கூடாது. மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

சோதனை

எல்லா ஜாயின்ட்டையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரை இறுக்கிச் சுற்றுங்கள். எஞ்சினை அணைத்து, பெடலை ஓங்கி மிதித்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். ஐந்து தடவை. பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கேயோ கசிகிறது. பேப்பர் எல்லாம் காய்ந்திருந்தும் பெடல் போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷரைச் சந்தேகப்படுங்கள். பேப்பர் நனைந்தால் ஒரு முறை, ஒரே முறை, சற்று இறுக்கிப் பாருங்கள். அப்போதும் நனைந்தால் கழற்றி வாயைப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத் தெருவில், நடக்கும் வேகத்தில், ஒரு கை ஹேண்ட்பிரேக்கில். பத்துத் தடவை நின்று நின்று போய் வந்து, மறுபடி கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும், 100 கிலோமீட்டர் ஓடியதும் இதையே செய்யுங்கள்.

அதன்பின் வருடம் ஒரு தடவை, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், கிளிப்புகளைக் கழற்றி அடியில் பைப் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் பகுதியில் வண்டி சக்கரம் மூழ்க நின்றிருந்தால் அந்த வாரமே டிரம்மையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள், மாற்றிய தேதியைப் பெயின்ட் மார்க்கரால் டாங்க் மூடியின் மேலேயே எழுதிவையுங்கள்.